நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் பள்ளத் தெருவும்

ஞாயிறு, காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, நான், உன் மாப்பிள்ளை மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று தடவை 'சரி சரி' என்பாய். காகிதத்தின் நடுவில் புகுந்து அப்படிச் சொல்ல முடியாதல்லவா? அதனால்தான்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை எங்கள் கரண்ட் ஆபீஸில் உன் பெயரைப் பார்த்தேன்!

ரீடிங் நோட்டை ஒப்படைக்க இன்ஜினியர் அறைக்குப் போனேன். மேஜைமேல் செங்கல் மாதிரி ஒரு புத்தகம். அட்டையில் உன் பெயர், முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. "சார், இது எங்க அண்ணன்!" என்று கத்தியே விட்டேன். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாக மீட்டர் பார்க்கிற எனக்கு அந்த அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. லைன்மேன் அண்ணன் வந்து புத்தகத்தைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இவ்வளவையும் எழுதினது நம்ம பையனா?" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் டீ ஆறுகிற வரைக்கும் நின்றது. அப்புறம் இன்ஜினியர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

உனக்கே தெரியும், நம் பள்ளத் தெருவில் மாலை ஆறுக்குத்தான் கரண்ட் வரும், விடிந்தால் போய்விடும். பகலில் எல்லாம் மேட்டுத் தெருப் பட்டறைகளுக்கு. இப்போது ஆபீஸுக்குப் புதிதாக ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர் வந்திருக்கிறது. அதை எந்தத் தெருவுக்கு வைப்பது என்று கேள்வி. உன் புத்தகம் நாற்பது ஏழை நாடுகளைப் பார்த்துச் சொல்கிறதாம்: வருமானம் குறைந்த இடங்களில் தொழில் வளர்ந்த பிறகுதான் மின்சாரத் தேவை வளர்கிறது, மின்சாரத்தை முன்கூட்டிக் கொண்டுபோய்க் கொட்டுவதால் தொழில் வளர்ந்ததாகக் காணோம், ஆகவே தேவை தெரிகிற இடத்துக்கே முதலில் கொடுக்க வேண்டும். நம் தெருவின் பயன்பாடு பத்து வருஷமாகப் படுத்தே கிடக்கிறது. ஆகவே டிரான்ஸ்பார்மர் மேட்டுத் தெருவுக்கு. நமக்கு இனிமேலும் இரவுக் கரண்ட் மட்டும்.

அன்று வீட்டுக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், குற்றம் சொல்ல நான் யார். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு முள் குத்தியது. அட்டவணையில் 'தேவை' என்று போட்டிருக்கிறாய். கீழே சின்ன எழுத்தில், மீட்டரில் பதிவான பயன்பாடே தேவையாகக் கொள்ளப்பட்டது என்று இருக்கிறது. அந்த மீட்டரைப் பார்த்து எழுதுவது யார்? நான்!

சுருட்டையை உனக்கு நினைவிருக்கும், உன்கூடப் படித்தவள், வகுப்பில் உனக்கு முன்னால் உட்கார்ந்து கரும்பலகையை மறைக்கிறாள் என்று தினமும் சண்டை போடுவாயே, அவளேதான். போன வருஷம் ஒரு இன்குபேட்டர் வாங்கினாள், முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற இயந்திரம். இருபத்தொரு நாள் சூடு ஒரே அளவாக இருக்க வேண்டும். பகல் முழுக்க வெந்நீர் பாட்டில்களையும் கம்பளியையும் வைத்துச் சமாளித்துப் பார்த்தாள். பதினேழாம் நாளோடு அத்தனை முட்டையும் வீணாய்ப் போயிற்று. இயந்திரத்தை மூடிப் போட்டு அதன்மேல் துணி மடித்து வைத்துவிட்டாள். அடுத்த மாதம் அவள் மீட்டர் முந்தின மாதத்தைவிடக் குறைவாக ஓடியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். உன் அட்டவணைப்படி அவள் 'தேவை குறைந்தவள்' ஆகிவிட்டாள். அவளுக்கா தேவை குறைவு? நான் எழுதியதில் பொய் இல்லை அண்ணா, ஆனால் அவள் அழுதது எந்த மீட்டரிலும் ஏறவில்லை.

நேற்று இதை இன்ஜினியரிடம் சொன்னேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை, சிரித்தார். "ஏம்மா, உங்க அண்ணன் நாப்பது நாட்டைப் பாத்து எழுதியிருக்கார். நீங்க நாலு தெருவைப் பாத்துட்டுப் பேசறீங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, "அந்த நாப்பது நாட்டுலயும் வீடு வீடாப் போயி எழுதினது என்னை மாதிரி ஒருத்திதானே சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நான் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பிறகு கேட்டார்: மேட்டுத் தெருவில் மேடை கட்டி முடிக்க எட்டு வாரம் ஆகும். பள்ளத் தெருவில் பழைய மேடை ஒன்று சும்மாதானே நிற்கிறது? அதுவரை டிரான்ஸ்பார்மரை அங்கே ஏற்றிப் பகல் முழுக்கக் கரண்ட் விட்டுப் பார்ப்போம். எட்டு வாரத்தில் தெருவின் பயன்பாடு இரண்டு மடங்கு ஆனால் அது அங்கேயே நிற்கும். ஆகாவிட்டால் உங்கள் அண்ணன் சொன்னதே சரி.

அண்ணா, நாளைக்கு ஏற்றுகிறார்கள்! எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது. அம்மா உன் புத்தகத்தை அலமாரியில் அட்டை தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துப் படிக்கிறார்கள்.

உன் அன்புத் தங்கை


செவ்வாய், மதியம், ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பதில் கிடைத்தது. மொத்தம் ஒன்பது வரி. அதில் "ஒரு தெருவின் கதை ஆதாரமாகாது, அதிகமாக ஆசைப்படாதே" என்பது மட்டும் இரண்டு வரி. மீதி ஏழு வரியில் அம்மாவின் முழங்காலுக்கு மருந்து. அது நல்ல மருந்து, கேட்கிறது. மற்றதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் போன கடிதத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லைன்மேன் அண்ணன் கைப்பிடியை ஏற்றினார். தெருவே கூடி நின்றது. கை தட்டினோம். பட்டப்பகலில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, அணைக்க யாருக்கும் மனசு வரவில்லை. உன் மாப்பிள்ளை வண்டி ஓட்டப் போகாமல் மின்விசிறிக்குக் கீழே படுத்து, "பகல்ல காத்து தனி ருசி" என்றார்.

அப்புறம்? ஒன்றும் நடக்கவில்லை அண்ணா. மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வாரம் கழித்து ரீடிங் எடுத்தேன். நூற்றுக்குப் பதினொன்றுதான் கூடியிருந்தது, அதுவும் மின்விசிறியும் ரேடியோவும். இன்ஜினியர் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நீ சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வெல்டிங்காரரிடம், மேட்டுத் தெருவில் கூலிக்குப் போகாமல் வீட்டிலேயே பட்டறை போடலாமே என்றேன். "எட்டு வாரத்தை நம்பி எவனாவது கல்யாணம் பண்ணுவானா?" என்று கேட்டார். மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். கரண்ட் வந்திருக்கிறது, நாளைக்கும் இருக்கும் என்கிற நம்பிக்கை வரவில்லை. உன் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி உண்டா? நான் தேடினேன், கிடைக்கவில்லை.

கடைசியில் வெல்டிங்காரரே குரலைத் தாழ்த்தி, "பேனா உன் கையிலதானே இருக்கு, ரெண்டு மடங்குன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் எனக்கும் கை அரித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, இந்தத் தெரு ஒருநாளும் தேறாது என்றாய். நீயும் இங்கிருந்துதானே தேறினாய் என்று நான் கத்தினேன். அதற்கப்புறம் நீ வரவே இல்லை. உன்னை ஜெயிக்க ஒரு பேனா போதும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. ஆனால் என் நோட்டில் ஒரு யூனிட் பொய் ஏறினால், இன்ஜினியரிடம் நான் கேட்ட கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். "அப்படி எழுதறதுக்கு எனக்கு மீட்டர் எதுக்கு, கண்ணு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நல்ல செய்தி. சுருட்டை நேற்று இயந்திரத்தின்மேல் இருந்த துணிகளை எல்லாம் எடுத்துவிட்டாள்! இருநூற்று அறுபத்து நான்கு முட்டை வைத்திருக்கிறாள். "எட்டு வாரத்துல ரெண்டு போயிடுச்சு. எனக்கு மூணு வாரம் போதும். இதையும் விட்டா அப்புறம் என்கிட்ட நான் என்ன பேசறது?" என்றாள். நான் அவள் வீட்டுக்குள் போனபோது முப்பத்தேழரை டிகிரி காட்டியது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அவள் ஜன்னலில் தலையை விட்டு அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி "எவ்வளவு? எவ்வளவு?" என்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ என் கட்சியில் சேர வேண்டாம். ஒரு தெருவை எப்படிப் பார்த்தால் அது ஆதாரமாகும் என்று மட்டும் சொல்லிக் கொடு. அதன்படி பார்க்கிறேன். மணி அடிக்கிறது, எழுந்து போகிறேன்.

உன் தங்கை


சனி, காலை பத்து மணி

என் அருமை அண்ணாவுக்கு,

அம்மா, நான், உன் மாப்பிள்ளை, சுருட்டை, அவள் கோழிக்குஞ்சுகள் எல்லோரும் பரம நலம்! எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. பேனா என்னைவிட வேகமாக ஓடுகிறது, எழுத்து கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில், நீ அப்போது பதிலாக எழுதிய நான்கு பக்கம். ஒன்பது வரி எழுதியவன் நான்கு பக்கம் எழுதினானா என்று அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினாள். நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். மாதம் ஒரு தடவை பார்த்த மீட்டரை வாரம் ஒரு தடவை பார்த்தேன். பகலுக்குத் தனி, இரவுக்குத் தனி. கரண்ட் எந்த நிமிஷம் போயிற்று, எந்த நிமிஷம் வந்தது. யார் என்ன புதிதாக மாட்டினார்கள், மாட்டாதவர்கள் ஏன் மாட்டவில்லை. என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று நீ சொன்னதால், மேட்டுத் தெரு ரீடிங்காரரையும் தனியாக வந்து பார்த்து எழுதச் சொன்னேன். அவர் எண்களும் என் எண்களும் ஒரே மாதிரி இருந்தன. அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

சுருட்டை ஏழாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது! அதைப் பார்த்தபிறகுதான் தெருவுக்கு உயிர் வந்தது. வெல்டிங்காரர் மூன்றாவதாகப் பார்த்தார். வெளியே வந்து, "இவளே வச்சுட்டா, எனக்கு என்ன கேடு?" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே வீட்டுமுன் பட்டறை போட்டார். தச்சர் மோட்டார் ரம்பம் கொண்டுவந்தார். துணி தேய்க்கிற அக்கா கரிப்பெட்டியை மூலையில் வைத்துவிட்டு மின்சாரப் பெட்டிக்கு மாறினாள். ஒருவரைப் பார்த்து ஒருவர். பகலில் தெருவில் நடந்தால் காதைப் பொத்த வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் பதினெட்டாம் நாள். காலை பத்தே முக்கால், நீ பழக்கியபடி நிமிஷம் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு 'டப்' சத்தம். ரம்பம் நின்றது, வெல்டிங் நின்றது, தெரு ஊமையாயிற்று. சுருட்டை வாசலுக்கு ஓடி வந்தாள். போன வருஷம் போன மாதிரியே போகிறதே என்று இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. லைன்மேன் அண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினார். மேலேயிருந்து சிரிக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு ஏணியைத் தள்ளிவிட்டிருப்பேன். "அழாதீங்கம்மா, இது கரண்ட் இல்லாம போனதில்ல. நீங்க இழுக்கிற இழுப்புத் தாங்காம ஃபியூஸ் போயிருக்கு!" என்றார்.

அண்ணா, நம் தெரு அளவுக்குமேல் இழுத்து ஃபியூஸ் போயிற்று! பள்ளத் தெருவில்! ஆனால் சந்தோஷப்பட அப்போது நேரம் இல்லை. பெரிய ஃபியூஸ் ஆபீஸிலிருந்து வர வேண்டும். யாரும் சொல்லாமலே வீட்டுக்கு வீடு போர்வை வந்தது. துணி தேய்க்கிற அக்கா மூலையில் கிடந்த கரியை மூட்டித் தண்ணீர் சுட வைத்தாள். வெல்டிங்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்று காற்றுப் போகாமல் பார்த்துக்கொண்டார். முப்பத்தாறு, முப்பத்தைந்தரை, முப்பத்தைந்து. ஐம்பத்திரண்டு நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. இன்ஜினியரே ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் வந்திருந்தார். வந்தவர் போகவில்லை, சுருட்டையின் ஜன்னலுக்கு வெளியே நின்று அந்த எண் மறுபடி முப்பத்தேழரை ஆகும்வரை பார்த்தார்.

இருபத்தொன்றாம் நாள் விடிந்ததும் முதல் ஓடு உடைந்தது. மதியத்துக்குள் இருநூற்றுப் பதினொரு குஞ்சு! சுருட்டை ஒன்றைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். ஈரமாக, சூடாக, கத்திக்கொண்டே இருந்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் கூடையோடு வந்து வாங்கிப் போகிறார்கள். இரண்டாவது தடவையும் முட்டை வைத்துவிட்டாள்.

நேற்று எட்டாவது வாரத்துக் கடைசி ரீடிங். இரண்டேகால் மடங்கு, அண்ணா! நான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். இன்ஜினியர் ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, எண்ணைச் சொல்லிவிட்டு, நீ அவருக்குத் தனியாக எழுதிய கடிதத்தையும் எடுத்துப் படித்தார். நீ எழுதினாய் என்று எனக்குச் சொல்லவே இல்லையே! "என் ஆய்வு நாடுகளைப் பற்றியது. ஒரு தெருவுக்குக் கரண்ட் கொடுக்காமல் இருக்க அதைக் காரணம் காட்டாதீர்கள். பகலில் கரண்டே இல்லாத இடத்தில், பகலில் தேவை இல்லை என்று நான் கொண்டது தவறு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி விழுந்த மாதிரி. டிரான்ஸ்பார்மர் இனி நம் தெருவில்தான். மேட்டுத் தெருவுக்கு இன்னொன்று கேட்டு எழுதியிருக்கிறார்.

முழுக்க நான் ஜெயித்துவிட்டதாகப் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். மூன்றில் ஒரு வீட்டு மீட்டர் முன்பு ஓடிய மாதிரியேதான் ஓடுகிறது. கைத்தொழில் இல்லாதவர்கள், கருவி வாங்க வழியில்லாதவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள். அவர்களுக்குக் கரண்ட் வந்தும் வெளிச்சம் மட்டும்தான் வந்திருக்கிறது. அந்த வீடுகளை உன் கட்சியில் சேர்த்துக்கொள். மீதி வீடுகளை என்னிடம் விட்டுவிடு. இந்த வாரம் வந்த கடிதத்தில், உன் அடுத்த புத்தகத்தில் என் நோட்டைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக. சுருட்டையின் பக்கத்தை மட்டும் அவளிடம் கேட்டுவிட்டுப் போடு.

கடைசியாக நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். 'கள ஆய்வு'க்காக அடுத்த மாதம் இங்கே வரவேண்டியிருக்கும் என்று அதே கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறாய். கள ஆய்வு என்றே இருக்கட்டும், நாங்கள் யாரும் வேறு ஒன்றும் கேட்க மாட்டோம். மாடி அறையைச் சுத்தம் செய்தாகிவிட்டது. அம்மா இன்று காலையிலிருந்து இரண்டு தடவை மாடி ஏறி இறங்கினாள், முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் நீ எழுதவில்லை. நாள் அதிகமாக இருந்தால் உடனே எழுது. குறைவாக இருந்தால் எழுதாமலே வா. எழுதினால் அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக அமையட்டும், அண்ணா.

உன் வரவை நோக்கி,
உன் தங்கை